புத்தகப் பெட்டி கட்டுமுன்

ஹட்டன்

அன்பின் மச்சான்,

நலம்தானே? ஹட்டனில் நம் சங்கம் திறக்கப்போகும் பழைய புத்தகக் கடைக்காக, கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி தொடர்மாடியாக ஏறிப் புத்தகம் சேர்க்கிறாய் என்றும், இருபது பெட்டி சேர்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. அந்தப் பெட்டிகள் லொறி ஏறுமுன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: பொறுக்கியெடுக்கும் வேலையை அங்கேயே செய். ஹட்டனுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று கேட்டால் ஆட்கள் நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் ‘லயத்துப் பிள்ளைதானே, எதுவானாலும் பிரயோசனப்படும்’ என்ற நினைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. அட்டை கிழிந்ததும், பூஞ்சணம் பிடித்ததும், பாதி நிரப்பிய பயிற்சிப் புத்தகமும் அப்படித்தான் மலை ஏறுகின்றன. நம் கடையில் காசு கொடுத்து வாங்கப்போகிறவர்கள் கொழுந்து பறிப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். சங்கத்தின் மாலை எழுத்தறிவு வகுப்பில் இந்த வருடம்தான் தன் பெயரை எழுதப் பழகிய ஓர் அம்மா, தன் கைக்காசில் முதன்முதலாக வாங்கும் புத்தகமாக அது இருக்கும். அது நாறக்கூடாது, அதில் ஒரு பக்கமும் குறையக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடம் போதும். முதலில் மூடியபடியே முகர்ந்து பார். பழைய கடதாசியின் வாசனை வேறு; பூஞ்சணம் ஈரச் சாக்கு மாதிரி மூக்கில் குத்தும். அடுத்து, வெள்ளைக் கடதாசி ஒன்றை விரித்து, புத்தகத்தை முதுகில் பிடித்துத் தலைகீழாக உதறு. மணல்போல மாவு கொட்டினால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. ஓட்டை மட்டும் இருந்து ஒன்றும் கொட்டாவிட்டால் பெரும்பாலும் அது பழைய வேலை, பயமில்லை. உதறும்போதே உள்ளே செருகிவைத்த கடிதம், படம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் விழும். அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு நடுப்பக்கத்தைத் திறந்து மெதுவாக அழுத்து. பசை விடுகிற புத்தகம் அங்கேதான் முதலில் பிளக்கும். கடைசியாக முன்னும் பின்னும் 16 பக்கங்களின் எண்களைப் பார். தைத்த புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க மடிப்புகளாகக் கட்டப்படுவதால், கழன்றால் ஒரு மடிப்பு முழுதாகவே போயிருக்கும். கதையின் முடிவு இல்லாத புத்தகங்கள் அப்படி உண்டாகின்றவைதான்.

பூஞ்சணத்தில் கவனம். பஞ்சுபோல நின்று, விரல் பட்டதும் இழுபட்டால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் போதும், பெட்டி முழுவதும் கெடும். பொலித்தீன் பையில் கட்டி அங்கேயே ஒதுக்கிவிடு. காய்ந்து தூளாகிப்போனதை, அதுவும் கிடைக்காத புத்தகமாக இருந்தால் மட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். வெறும் பழுப்புப் புள்ளிகள் வயதின் அடையாளம், அவை ஆகாதவை அல்ல.

அடங்கிக் கிடக்கிற பூஞ்சணமும் இங்கே வந்தால் எழுந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றாலே அதற்குப் போதும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை தென்மேல் பருவ மழையில் நம் பக்கம் எப்படி என்று உனக்குத் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு மிஸ்ட் (மூடுபனி) கடைக்குள்ளேயே வந்து உட்காரும். அதனால் காலையில் வெயில் பட்டதும் யன்னலைத் திறந்து, மிஸ்ட் இறங்குமுன் மூடுவது என்று வைத்திருக்கிறோம். ஈரப்பதமானி ஒன்றை அடித்தட்டில் வைக்கப்போகிறோம், மேசையில் அல்ல. ஈரம் முதலில் ஏறுவது தரைப்பக்கத்தில். றாக்கைகள் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து 6 அங்குலம் உயரத்தில். சுவரோடு ஒட்டி வைத்தால் முதல் மழைக்கே பின்வரிசைப் புத்தகங்கள் அலையலையாக வளைந்துவிடும். புத்தகத்தை இறுக்கி அடுக்கவும் கூடாது, இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேப்பிலை எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். நம் குளிரில் வேம்பு சரியாக வராது, அதனால் கேட்டிருப்பாய் என்று விளங்குகிறது. ஆனால் வேண்டாம். இந்த ஈரத்தில் காய்ந்த இலையே நமுத்துப்போகும். நப்தலீன் உருண்டையும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து வாசிக்கப்போகும் சின்னப் பிள்ளைகள் அந்தக் காற்றைத்தான் இழுப்பார்கள். பூச்சி சந்தேகம் உள்ள நல்ல புத்தகத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை ஒட்டி, சைபருக்குக் கீழ் 18 பாகையில் நிற்கிற ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சேர்ந்து சாகும். எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே வெளியே கிடக்க வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த கடதாசியில் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும், செய்ததெல்லாம் வீண்.

இனி எது வேண்டும், எது வேண்டாம் என்பது. அரசாங்கப் பாடநூல்களை யார் தந்தாலும் வாங்காதே. 1980இலிருந்து அவை பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்படுபவை. இலவசப் புத்தகத்தைத் தோட்டத்துச் சனத்திடம் விற்றார்கள் என்ற பேச்சு ஒரு நாள் கிளம்பினாலும் கடை நிமிராது. பரீட்சை வழிகாட்டி என்றால் அட்டையில் வருடத்தைப் பார். 2019 உயர்தரப் பரீட்சை பழைய பாடத்திட்டத்திலும் புதியதிலும் நடந்தது நினைவிருக்கும். பழைய பாடத்திட்டத்துக்கு எழுதியதை இப்போது ஒரு பிள்ளை வாங்கிப் படித்தால் அந்தப் பிள்ளையின் காசும் போய், காலமும் போகும். நூலக முத்திரை உள்ளதை, ‘நீக்கப்பட்டது’ என்று குறித்திருந்தால் தவிர, எடுக்காதே. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டிருந்தாலும் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இன்னொரு முத்திரை இருக்கும், நூலகங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கிடைத்தால் உரிய இடத்துக்கே அனுப்பிவிடு.

அடுத்தது நீ எதிர்பார்க்காத ஒன்று. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. ஈய எழுத்துக் கோத்த அச்சகங்கள் மாறுவதற்கு இன்னும் கொஞ்சக் காலம் சென்றது. அதற்கு முந்திய புத்தகத்தில் ‘லை’ யானைத் துதிக்கை போல மேலே வளைந்து நிற்கும். உனக்கும் எனக்கும் அது கண்ணில் படாமலே ஓடிவிடும். வகுப்பில் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறவருக்கு, ‘மலை’ என்ற சொல்லே அந்நியமாகிவிடும். தான் படித்ததுதான் பிழை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார். ஆகவே பழைய வடிவ எழுத்தில் உள்ளதைத் தனிப் பெட்டியில் போட்டு மேலே எழுதிவை. அவற்றுக்கும் ஆள் உண்டு, இளைப்பாறிய ஆசிரியர்கள் தேடி வருவார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு வேண்டியது 14 புள்ளி (பொயின்ற்) அளவுக்குக் குறையாத பெரிய எழுத்து, குறுகிய வரி, ஒரு பக்கத்தில் ஒரு பந்தி.

மலையக எழுத்தாளர்களின் புத்தகங்கள், ஐந்நூறு ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்ட சிறு பதிப்புகள், பழைய ‘மல்லிகை’, ‘கொழுந்து’ இதழ்கள் கண்ணில் பட்டால், கிழிந்திருந்தாலும் அனுப்பு. நான் சொன்ன விதிகளெல்லாம் அவற்றுக்கு இல்லை. விலை போடுமுன், இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ தளத்தில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லாவிட்டால் மின்வருடலுக்குக் கொடுத்த பிறகுதான் விற்பனை. சிங்களப் புத்தகங்களும் வேண்டும். சந்தைக்கு வருகிற சிங்களச் சனம் உண்டு. இரண்டாம் மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சிங்களச் சிறுவர் கதையைவிட நல்ல பாடநூல் கிடையாது.

விலை பற்றிக் கேட்டிருந்தாய். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது, பிறகு கூடியிருக்கிறது. ஆனால் அரைநாள் சம்பளமே கிடைக்கிற ‘அரைப்பேர்’ விழும் நாளும், வேலையே இல்லாத நாளும் உண்டு. புதுப் புத்தகம் ஒன்று ஆயிரம் ரூபா என்றால் அந்த வீட்டில் அது அடுப்போடு போட்டி போடும். அதனால் படக்கதை 50, சிறுவர் கதை 100, நாவல் 200, அகராதி 500 என்று வைக்கிறோம். வாசித்துத் திருப்பிக் கொண்டுவந்தால் பாதி விலைக்கு வேறு புத்தகம். விலையை முதல் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் எழுதுவதே நல்லது. ஸ்டிக்கரின் பசை அட்டையைத் தின்னும், பிறகு உரித்தால் படமும் சேர்ந்து வரும்.

இந்த விலையில் கடை நிற்குமா என்ற உன் கேள்விக்குக் கணக்கையே தருகிறேன். வாடகை 25,000, மின்சாரமும் சில்லறையும் 5,000, ஒரு பிள்ளைக்குச் சம்பளம் 30,000. மொத்தம் 60,000. சராசரி 150 ரூபா என்றால் மாதம் 400 புத்தகம், 26 நாளில் நாளுக்குப் பதினைந்து பதினாறு. அதற்கு மேல் விற்பதுதான் வகுப்புக்குப் போகும். அதாவது மாதம் 400 நல்ல புத்தகம் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். சேர்ப்பதில் பாதி தேறும் என்று வைத்தால், நீங்கள் 800 சேர்த்தாக வேண்டும். உன்னுடைய இருபது பெட்டியில் பெட்டிக்கு நாற்பது என்றால் சரியாக 800. பெரிய தொகை என்று பட்டிருக்கும். கடைக்கு அது ஒரு மாதம். திறப்புக்கு 2,000 புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். மூன்றடித் தட்டில் நெருக்காமல் வைத்தால் 45, ஐந்து தட்டு றாக்கையில் 225. ஒன்பது றாக்கை போதும். முக்கால் அங்குலப் பலகை போட்டிருக்கிறோம், அரை அங்குலம் மூன்றடிக்கு நடுவில் தொய்ந்துவிடும்.

பதிவு வேலைகள் நடக்கின்றன. சங்கம் ஏற்கெனவே பதிவானதுதான் என்றாலும் கடைக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு தனியாக வேண்டும்: கிராம அலுவலரின் உறுதிப்பாடு, பிறகு பிரதேச செயலகம். வங்கிக் கணக்கும் தனி. கடைக்காசையும் வகுப்புக்கு வந்த நன்கொடையையும் ஒரே கணக்கில் போட்டால், கடை தன் காலில் நிற்கிறதா என்பதே கடைசிவரை தெரியாமல் போகும்.

தட்டுகளுக்குப் பெயர்ப்பலகையோடு நிறமும் வைக்கிறோம். சிறுவர் பச்சை, கதை மஞ்சள், சிங்களம் நீலம், ஆங்கிலம் சிவப்பு. பலகையை வாசிக்க இன்னும் வராதவரும் யாரையும் கேட்காமல் தனக்கு வேண்டிய இடத்தில் போய் நிற்க வேண்டும்.

பெட்டி கட்டுவதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஏ4 கடதாசி வருகிற மட்டைப்பெட்டிதான் சரியான அளவு. அதைவிடப் பெரியது 15 கிலோவைத் தாண்டும், படியில் தூக்கமுடியாது. மரக்கறி, பழப் பெட்டி வேண்டாம், ஈரமும் கரப்பானும் அதோடு வரும். புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கு, இடைவெளியில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணி. முதுகு மேலே பார்க்கச் சாய்த்து நிறுத்தினால் ஒரே பயணத்தில் தையல் விடும். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் வகையையும் எண்ணிக்கையையும் எழுது. தேயிலை ஏற்றுகிற, உள்ளே அலுமினியத்தாள் ஒட்டிய கடதாசி மூட்டை கிடைத்தால், பெட்டியை அதற்குள் இறக்கு. மழைக்கு அதைவிட நல்ல கவசம் இல்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த புத்தகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே பூக்கும்.

மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லொறியில் ஏற்றினால் கூலி குறையும். லொறியின் தட்டு ஈரமாகத்தான் இருக்கும், இரண்டு மரச்சட்டம் போட்டு அதன்மேல் வை. படங்கை மேலே மட்டும் போடாமல் பக்கங்களிலும் இழுத்துக் கட்டச்சொல். கினிகத்தேனையும் வட்டவளையும் தாண்டும்வரை மழையை நம்ப முடியாது.

திறப்பு மாசியில், சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. பத்தாம் திகதியை ஒட்டித்தான் கையில் காசு இருக்கும், ஞாயிறு சந்தைக்கு எல்லாத் தோட்டத்துச் சனமும் இறங்கும். அதற்கு மூன்று வாரம் முன்னதாகப் பெட்டிகள் வந்தால்தான் பிரித்து, துடைத்து, விலைபோட முடியும். சிறுவர் பெட்டிகளை லொறியில் கடைசியாக ஏற்று. அவைதான் இங்கே முதலில் இறங்க வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்