பறையை சாம்பிள் எடுக்க ஒரு காலைப்பொழுது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கானா, ராப், குத்து என்று வீட்டுக் கணினியிலேயே பீட் போடும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பலருக்கும் பறையின் சாம்பிள், அதாவது பாட்டில் வேண்டிய இடத்தில் ஒலிக்கவிடப் பதிவு செய்து வைத்த அடி, வேண்டியிருக்கிறது. ஆனால் அவர்கள் கைக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் பாட்டிலிருந்து உருவிய ஒற்றை அடி. அதே அடி, அதே பலம், பாட்டு முடியும்வரை. கேட்டால் தகர டப்பா போலத்தான் இருக்கும். கலைஞர் ஒருவரை வரவழைத்து முறையாகப் பதிவு செய்ய ஒரு காலைப்பொழுது போதும். அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

செல்போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டர் பேச்சுக்கென்று செய்யப்பட்டது. பலத்த அடி விழுந்தால் தானாகவே ஒலியைக் குறைத்துவிடும். அடிக்குப் பின்வரும் கார்வையை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். இருநூறு ரூபாய் வாடகைக்கு மைக் கிடைத்தாலும் அது மேல். பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்து, மிகப் பலமான அடி ஒலிமானியில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி (பூஜ்ஜியத்தைத் தொட்டால் ஒலி சிதையும்) அளவை இறக்கிக்கொள்ளவும். ஒரு மைக் தோலிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சாய்வாக, இன்னொன்று நான்கைந்து அடி தள்ளி. ஒலி 1 மில்லி வினாடியில் சுமார் 34 செ.மீ.தான் போகும் என்பதால் தூரத்து மைக்கின் பதிவு சற்றுப் பின்தங்கும். அப்படியே கலந்தால் அடியின் கனம் கரைந்துபோகும். எடிட்டரில் பெரிதாக்கி, இரண்டு அலைகளின் முதல் எழுச்சியையும் நேர்கோட்டில் இழுத்து வைக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது தோலின் சூட்டில். தீயில் காய்ச்சிய உடனே பறை கணீரென்று ஏறி நிற்கும்; ஆற ஆற சுருதி இறங்கும். மெல்லிய அடியை எல்லாம் முதலில் எடுத்து முடித்துவிட்டு, பலத்த அடிக்குக் கடைசியில் வந்தால் இரண்டும் இரண்டு பறை போலக் கேட்கும். எனவே பறையின் இரண்டு குச்சிகளான சிண்டுக் குச்சி, அடிக் குச்சி, இரண்டும் சேர்ந்தது என மூன்று வகையையும் நான்கு பலத்தில் ஒரு சுற்று வாசித்து முடிக்க வேண்டும். தோல் தளர்ந்தால் மறுபடி காய்ச்சிவிட்டு அடுத்த சுற்று. ஆறு சுற்றில் 72 அடிகள் சேரும். ஒவ்வொன்றுக்கும் பின் மூன்று வினாடி யாரும் அசையக் கூடாது. தீ மூட்டும் இடம் மைக்குக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சுள்ளி வெடிக்கும் சத்தம் பதிவில் ஏறினால் எடுப்பது கடினம்.

வெட்டும்போது அடியின் எழுச்சிக்கு 1 மில்லி வினாடி முன்னால் வெட்ட வேண்டும். எழுச்சியிலேயே கத்தி வைத்தால் குச்சி தோலில் படும் அந்தச் சுள்ளென்ற கூர்மை போய்விடும். வெகுமுன்னால் வெட்டினால், விரலால் தட்டி வாசிக்கும் பேடில் தட்டும்போது ஒலி தாமதிக்கும். கடைசியில் 30 முதல் 50 மில்லி வினாடி வரை மெல்ல மங்கவிடவும், இல்லாவிட்டால் 'டிக்' என்று ஒடியும். ஒலியை உச்ச அளவுக்கு ஏற்றும் நார்மலைஸ் பொத்தானை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அழுத்துவதைவிடப் பெரிய பாவம் இதில் இல்லை: மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், பட்ட பாடு வீண். 72 கோப்புகளுக்கும் ஒலியை ஒரே அளவு கூட்டினால் போதும்; அடிகளுக்கு இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கும்.

பதிவுகளை விசைக்கு ஒன்றாக ஒலிக்கவிடும் சாம்பிளர் மென்பொருளில் நான்கு பலத்தையும் வெலாசிட்டி அடுக்குகளாகவும் (தட்டும் வேகத்துக்கேற்ற பதிவு ஒலிக்கும்), ஆறு பதிவுகளையும் ரவுண்ட் ராபின் முறையில் மாறிமாறி ஒலிக்கும்படியும் அமைக்கலாம். சுருதியை இரண்டு மூன்று அரைச் சுரத்துக்கு மேல் நகர்த்தினால் பொய்யாகிவிடும். இரண்டு குச்சிகளும் சேர்ந்து விழும் அடியில் இடையே இருக்கும் சிறு இடைவெளியைச் 'சரி' செய்ய வேண்டாம். அடியின் அகலமே அதில்தான் இருக்கிறது.

அடிகளைத் தாளக் கட்டத்தில் தானாக ஒட்டவைக்கும் குவான்டைஸ் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்ற டெம்போவில் ஒரு துடிப்பு 500 மில்லி வினாடி. அதை மூன்றாகப் பிரித்து வாசித்தால் அடிகள் 0, 167, 333 என்று விழும். நாலாகப் பிரித்த கட்டத்தில் ஒட்டவைத்தால் அவை 125க்கும் 375க்கும் ஓடிவிடும். ஆளுக்கு 42 மில்லி வினாடி பிசகு! ஆட்டத்துக்குக் கால் எழாததில் வியப்பில்லை. துடிப்பை மூன்றாகப் பிரிக்கும் ட்ரிப்லெட் கட்டம் வைத்து, அதிலும் கட்டத்தை நோக்கிப் பாதி தூரமே இழுக்க வேண்டும்.

கோப்புகளை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடக்கூடும்; டாக்குமென்டாக அனுப்பவும்.

இனி காசு. 1969இல் ஓர் அமெரிக்க சோல் குழுவின் பதிவில் கிரெகரி கோல்மன் வாசித்த சில வினாடி டிரம், பிறகு ஆயிரக்கணக்கான பாடல்களில் சாம்பிளாக ஏறியது. அவருக்கு ராயல்டி வரவில்லை, 2006இல் காலமானார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்துக்குப் பின், வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கு, அதாவது வாசித்த கலைஞருக்கு, ராயல்டி உரிமை உண்டு என்கிறது. அன்றைய கூலி எவ்வளவு, சாம்பிள் தொகுப்பை விற்றால் பங்கு எவ்வளவு, பெயர் எங்கே வரும் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, குச்சியைக் கையில் எடுக்கும் முன்பே இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
மதுரை.