என்னிடமும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 74. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கொல்லையில் துணி அலசிவிட்டுத் திரும்பும்போது வழுக்கி விழுந்தேன். வலது கால் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, இடது காலைவிட ஒரு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. "இடுப்பு எலும்பு பாட்டி, ஆபரேஷன் பண்ணணும்" என்றான் 108-இல் வந்த பையன். அப்புறம் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் முகத்தைப் பார்த்து விஷயம் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சண்டைக்கு எழுதவில்லை.

டாக்டர்கள் எல்லாவற்றையும் மகனிடமே கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்குத் தான் சாப்பிடும் மாத்திரை தெரியாதா? ஆபரேஷனுக்காக ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. மதியம் இரண்டு மணிக்கு "இன்னைக்கு இல்லை". மறுநாளும் அதே கதை. வயசானவளுக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். இதயத்துக்காக நான் சாப்பிடும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையின் வேகம் குறையக் காத்திருந்தார்களாம். மரத்துப்போவதற்காக முதுகில் ஊசி போட அது இடைஞ்சலாம். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்பேன்தான் கொடுமை. பெண்கள் வார்டில் மகனை இருக்க விடமாட்டார்கள், மருமகளுக்கோ வேலை. ஆயாவைக் கூப்பிடக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு வந்ததுதான் மிச்சம்.

பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் இடுப்புதான். ராத்திரி முழுக்க "மாட்டப் புடிச்சுக் கட்டுங்கடி" என்று கத்தினார். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஒரு சின்ன நர்ஸ் மட்டும் பையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, இது எந்த இடம், என்ன கிழமை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விடிவதற்குள் பாட்டி பேத்தியை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் 'குத்தவைத்து உட்காரக் கூடாது' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது பழைய கக்கூஸ். நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி என்று ஒன்று கடையில் விற்பதே அதற்கப்புறம்தான் தெரிந்தது. 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பார்கள் என்பதையும் எதிர்வீட்டுப் பெண் சொல்லித்தான் அறிந்தேன்.

தினமும் காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர், இன்று ஆபரேஷன் உண்டா இல்லையா, ஏன் என்று படுத்திருப்பவரிடமே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்போது வாக்கரோடு வாசல் வரை வருகிறேன். கொல்லைக் கதவுக்கு மருமகள் பூட்டுப் போட்டிருக்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்