வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி இந்த ஆண்டு முழுக்க ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் பிற்பகுதியை, அதாவது ஏறத்தாழ 1570 முதல் 1616 வரை எழுதியவர்களை மட்டுமே வாசித்தோம். "ஷேக்ஸ்பியரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று அன்று கேட்ட உறுப்பினர் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதலில் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மாண்டெய்ன். 1571இல், தன் 38ஆவது பிறந்த நாளன்று, பொது வாழ்க்கை போதும் என்று நூலகத்தை ஒட்டிய அறைச் சுவரில் லத்தீனில் எழுதி வைத்துவிட்டுக் கோபுரத்தில் போய் உட்கார்ந்தவர் அவர். வெளியே கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், இவர் தன் ஞாபக மறதி, சிறுநீரகக் கல், பயம், சோம்பல் எல்லாவற்றையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். கட்டுரைகள் 1580இல் வெளிவந்தன, 1588இல் மூன்றாம் பாகம் சேர்ந்தது, அப்புறமும் விடாமல் அச்சான பிரதியின் ஓரங்களில் 1592இல் சாகும் வரை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகு மாரி தெ குர்னே என்ற பெண்மணி 1595இல் பதிப்பித்ததுதான் சரியான பாடமா, ஓரக்குறிப்புகள் உள்ள பிரதிதான் சரியா என்று அறிஞர்கள் போட்ட சண்டையை நம் கூட்டத்திலும் போட்டோம். அரங்கக் காவலாளி வந்து விளக்கை அணைக்கும் வரை முடியவில்லை.

எழுதியவன் கையைவிட்டுப் போன புத்தகம் யாருடையது? இந்தக் கேள்வியை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை, ஆனால் ஆண்டு முழுக்க இதுவே எல்லாக் கூட்டங்களிலும் வந்து நின்றது.

இத்தாலியக் கவிஞர் தாஸோ விஷயத்தில் அது கொடுமையாகவே இருந்தது. ஃபெர்ராராவின் பிரபு அவரை 1579இல் மருத்துவமனை ஒன்றில் பைத்தியம் என்று அடைத்து வைத்திருக்க, அவருடைய எருசலேம் காவியத்தை அவர் சம்மதமில்லாமலே ஆளாளுக்கு அச்சடித்து விற்றார்கள். 1580இல் அவரை அங்கே பார்த்த மாண்டெய்ன், இரக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது என்று எழுதியிருக்கிறார். 1586இல் வெளியே வந்த தாஸோ முழுக் காவியத்தையும் திருத்தி 1593இல் வேறு பெயரில் வெளியிட்டார், படிப்பவர்களோ இன்றுவரை பழையதைத்தான் படிக்கிறார்கள். இந்தக் கூட்டங்களுக்கு வருகை குறைவு. காவியம் நீளம் என்றார்கள், உண்மைதான்.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸுக்கு எல்லோரும் வந்தார்கள். லெபாண்டோ கடற்போரில் (1571) இடது கை செயலிழந்தவர், அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் அடிமை, நான்கு முறை தப்பிக்கப் பார்த்துத் தோற்றவர், ஊர் திரும்பி வரி வசூல் செய்து கணக்கு ஒத்துவராமல் சிறைக்குப் போனவர். (பொருளாளர் சிரிக்க வேண்டாம்.) 1605இல் அவருடைய தொன் கிஹோத்தே நாவலின் முதல் பாகம் வந்தது. அது விற்ற விற்பனையைப் பார்த்து 1614இல் அவெயனேதா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் போலி இரண்டாம் பாகம் போட்டு, முன்னுரையில் செர்வாண்டிஸின் வயதையும் கையையும் வேறு கேலி செய்திருந்தார். செர்வாண்டிஸ் வழக்குப் போடவில்லை. 1615இல் வந்த அசல் இரண்டாம் பாகத்தில், தன்னைப் பற்றி ஒரு போலிப் புத்தகம் உலவுகிறது என்று கதாநாயகனே தெரிந்துகொள்கிறான். போலியில் அவன் சரகோசா போனதாக இருக்கிறதா, சரி, அப்படியானால் நான் அங்கே காலே வைக்கமாட்டேன் என்று பார்சிலோனாவுக்குக் குதிரையைத் திருப்பிவிடுகிறான்! அதுவும் போதாமல், போலிப் புத்தகத்தில் வரும் பாத்திரம் ஒன்றைத் தன் கதைக்குள் இழுத்து வந்து, "நான் முன்பு பார்த்தவர் இவரல்ல" என்று ஊர்த் தலைவர் முன்னிலையில் எழுதி வாங்குகிறார். இந்த அத்தியாயத்தை நம் இளம் உறுப்பினர் ஒருவர் வாசித்ததுதான், என் கணக்கில், இந்த ஆண்டின் சிறந்த அரை மணி நேரம்.

ஷேக்ஸ்பியரைப் பற்றிப் புதிதாகப் பேச அதிகம் இல்லை. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல், நண்பர்கள் 36 நாடகங்களைத் தொகுக்காமல் இருந்திருந்தால் மேக்பெத் நமக்குக் கிடைத்திருக்காது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். ஏப்ரல் கூட்டத்துச் சுவரொட்டியில் ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில் (1616 ஏப்ரல் 23) இறந்ததாகப் போட்டிருந்தது பற்றி: ஸ்பெயின் 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறவில்லை, ஆகவே இரண்டு ஏப்ரல் 23களுக்கும் பத்து நாள் வித்தியாசம். தவிர செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, அடக்கம்தான் 23.

போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஷின் லூசியாதாஸ் காவியத்தின் (1572) பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூர் வருவதைக் கண்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதே பத்தாண்டில், 1578இல், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறித்தவ நூல் தமிழில் அச்சேறியதை ஓர் ஆசிரியர் எடுத்துச் சொன்னார்.

மகளிர் உறுப்பினர்களின் புகார் நியாயமானது. பதிப்பாசிரியர் குர்னேயைத் தவிர ஆண்டு முழுக்க ஒரு பெண் எழுத்தாளரும் நம் பட்டியலில் இல்லை. அதனால் வரும் ஆண்டை வெனிஸைச் சேர்ந்த மொதெராத்தா ஃபோந்தேயின் உரையாடல் நூலோடு தொடங்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. ஏழு பெண்கள் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து ஆண்களைப் பற்றிப் பேசும் நூல், ஆசிரியர் பிரசவத்தில் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 1600இல் அச்சானது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அரங்க வாடகை கூடிவிட்டதால் சந்தா உயர்வுக்கான தீர்மானமும் இன்றே வருகிறது. இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் போகும்போது கொடுத்துவிட்டுப் போகவும். இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்