மகளின் கதையில் ‘ஸ்லாஷ்’ என்று பார்த்துப் பதறிய பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோரே,

பிள்ளை ஃபேன் ஃபிக்‌ஷன் (பிடித்த படம், தொடர், புத்தகத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுவது தெரிந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படுவது கதை அல்ல, தலைப்புக்குக் கீழே இருக்கும் சொற்கள்தான். ஷிப், ஏயூ, ஆங்ஸ்ட், ஸ்லாஷ். சங்கேத மொழியில் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது என் நோட்டைப் பிரித்த உறவினர் ஒருவர், ‘ஆங்ஸ்ட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று வீட்டையே கூட்டிவிட்டார். ஆங்ஸ்ட் என்றால் பாத்திரங்கள் மனம் வெந்து தவிக்கும் கதை; கஷ்டம் என் கதாநாயகனுக்கு. நான் நன்றாகத்தான் இருந்தேன்.

இந்தச் சொற்கள் எல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லும் சீட்டுகள். இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் காதல் கதை, அந்த ஜோடிதான் ‘ஷிப்’; & குறி இருந்தால் நட்போ குடும்ப உறவோ. சாய்கோட்டு வழக்கம் 1970களில், ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் அதன் நாயகர்களான கர்க்கையும் ஸ்பாக்கையும் ஜோடி சேர்த்து எழுதியபோது பரவியது. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளுக்கு ‘ஸ்லாஷ்’ (சாய்கோட்டின் ஆங்கிலப் பெயர்) என்ற பெயர் அப்படி வந்ததுதான். அப்போது ஏது இணையம்? தட்டச்சு செய்து, நகலெடுத்து, தபாலில் அனுப்பிய சிற்றிதழ்கள். 1973-இல் அப்படி ஒரு சிற்றிதழில் வந்த பகடிக் கதையின் நாயகிதான் மேரி சூ. குறையே இல்லாத, எல்லோரும் கொண்டாடும் கதாநாயகிக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ரசிகர்களின் எழுத்தை ரசிகர்களே கிண்டலடித்தது அது.

ஏயூ என்றால் அதே பாத்திரங்கள், வேறு உலகம். பீட்டா என்பவர் வெளியிடும் முன் படித்துத் திருத்தித் தருபவர். ட்ராபிள் என்பது சரியாக 100 சொற்களில் ஒரு கதை. எழுதிப் பாருங்கள், பெண்டு நிமிர்ந்துவிடும்.

வயது வந்தோருக்கான கதைகளும் உண்டு, அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் ‘எக்ஸ்ப்ளிசிட்’ என்று இருந்தால் பாலுறவோ வன்முறையோ வெளிப்படையாக இருக்கும். அங்கே பலரும் ஏமாறுவது வேறோர் இடத்தில். ‘எச்சரிக்கைகள் எதுவும் பொருந்தாது’ என்பது ஒன்று, ‘எச்சரிக்கை தர விரும்பவில்லை’ என்பது இன்னொன்று. இரண்டாவது இருந்தால் உள்ளே எதுவும் இருக்கலாம் என்று பொருள். பிள்ளையிடம் பேசுவதென்றால் இதைப் பேசுங்கள்.

அப்புறம், “உன் ஓடிபி யார்?” என்றும் கேளுங்கள். மனதுக்கு மிகப் பிடித்த ஜோடி என்று அர்த்தம். பதில் சீக்கிரம் முடியாது, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டே கேளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஒருத்தி