எல்லைச் சாவடியில் போட்டித் துப்பாக்கி: பாலக்காடு, கோவை மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு, கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டக் காவல்துறை மற்றும் கலால் துறை உயர் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, ஆஸ்பத்திரிக்குக் கோவை என்று எல்லையைத் தாண்டித் தாண்டியே வாழும் ஊர்கள் எங்களுடையவை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்த வழியாகப் போனாலும் சாதாரண நாளில் ஒருவரும் எங்களை நிறுத்துவதில்லை. ஷாட்கன் போட்டிக்கு, அதாவது பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் உடைக்கும் போட்டிக்கு, கிளம்பும் நாளில்தான் சிக்கல். எங்களைச் சோதிக்காதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. துப்பாக்கி இருக்கும் வண்டியை நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, பார்த்த பிறகு எப்போது விடுவது என்பதற்கு இரு மாநிலச் சாவடிகளுக்கும் பொதுவாக எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இந்த விளையாட்டை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்து அச்சில் வார்த்த தட்டு; குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். இயந்திரம் அதை விசிறி எறியும். பறக்கும்போதே 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியால் உடைக்க வேண்டும். இதில் ட்ராப், ஸ்கீட் என்ற இரண்டு வகைகளும் ஒலிம்பிக்கில் உண்டு. ஸ்போர்ட்டிங் கிளே என்று இன்னொன்று இருக்கிறது. அதில் தோப்பு, மேடு, பள்ளம் என்று இடம் மாறி மாறி நின்று சுட வேண்டும். ஒரு தட்டு கொக்கு போல உயரே போகும், இன்னொன்று முயல் போலத் தரையில் உருண்டோடும். எதுவானாலும் ஈயக் குண்டுகள் விழுந்து அடங்க இருநூறு முந்நூறு மீட்டருக்கு ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளி வேண்டும். அப்படிப்பட்ட சுடுதளம் ஊருக்கு ஊர் அமைவதில்லை. பயிற்சிக்கே வெளியூர் போகிறோம். தென்மண்டலப் போட்டி என்றால் பக்கத்து மாநிலம்.

ரயிலிலோ விமானத்திலோ போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ட்ராப் தகுதிச்சுற்றில் ஒருவருக்கு 125 தட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். ஆகவே 25 தோட்டா கொண்ட பெட்டிகள் குறைந்தது பத்து கையில் இருக்க வேண்டும். அதுவே ஏறக்குறைய 10 கிலோ வரும். விமானத்தில் ஒரு பயணி 5 கிலோவுக்கு மேல் தோட்டா கொண்டுபோக முடியாது. பயிற்சிக்கு வேண்டியதையும் சேர்த்தால் காரை விட்டால் வழியில்லை. காட்டு வழியை நாங்கள் தொடுவதே இல்லை. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும் என்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதனால் சுற்றிப் போனாலும் நெடுஞ்சாலைதான்.

அந்த நெடுஞ்சாலையில்தான் மாட்டிக்கொள்கிறோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வரிச் சாவடிகள் போய்விட்டன. போலீசும் எக்சைஸும் இருக்கிறார்கள். ஸ்பிரிட்டையும் கஞ்சாவையும் பிடிப்பது அவர்கள் வேலை, அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு போட்டிக்கு முந்தின இரவு ஒரு சாவடியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழல், பின்கட்டை, முன்கட்டை என்று மூன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்த துப்பாக்கியை ஒரு காவலர் ரோட்டோரத்திலேயே எடுத்து ஒன்றாகப் பொருத்தி, பலங்கொண்ட மட்டும் அடித்து மூடினார். இன்னொருவர் தோட்டாப் பெட்டிகளை ஜீப் பானெட்டில் கொட்டித் தூறலில் நின்று எண்ணினார். லைசென்ஸ், போட்டி அழைப்பு, ரைபிள் சங்க அட்டை மூன்றையும் நீட்டினேன். "எங்க ஸ்டேட் போலீஸ் லெட்டர் எங்க?" என்றார்கள். எந்த ஆபீஸ் தர வேண்டிய கடிதம், எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெரிய அதிகாரி வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அவர் விடிந்து வந்தார், காகிதங்களைப் பார்த்தார், ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ட்ராப்பில் ஆறு பேர் ஒரு ஸ்குவாடாக இறங்குவார்கள், ஒருவருக்காக மற்றவர்கள் நிற்பதில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது என் ஸ்குவாட் முதல் சுற்றை முடித்திருந்தது.

அந்த அதிகாரி ஐந்து நிமிடத்தில் பார்த்ததை எந்தக் காவலரும் பார்க்கலாம். லைசென்ஸில் யுஐஎன் என்ற தனி அடையாள எண் இருக்கிறது. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் அதைச் சரிபார்க்க முடியும். துப்பாக்கியின் எண் உலோகத்தில் வெட்டியிருக்கிறது. உரிமம் மாவட்டத்துக்கா, மாநிலத்துக்கா, நாடு முழுமைக்குமா என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. உரிமம் அடுத்த மாநிலத்துக்குச் செல்லாது என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். செல்லும் என்று எழுதியிருக்கும்போது புதிதாக ஒரு கடிதம் கேட்பது எந்த வகையில் நியாயம்?

சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. காட்டுப்பன்றித் தொல்லை எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளில் கடுமை. 2022-இல் கேரள அரசு பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்தபின், 12 போர் என்றாலே பன்றியும் வேட்டையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், போதும். ட்ராப்பிலும் ஸ்கீட்டிலும் ஒரு தோட்டாவில் 24.5 கிராமுக்கு மேல் ஈயம் கூடாது, அதற்குள் இருக்கும் எந்தக் குண்டும் 2.6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பொடிக் குண்டை நம்பி யாரும் பன்றி முன்னால் போய் நிற்கமாட்டார்கள்.

தேர்தல் காலம் இன்னும் மோசம். துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024-இல் மார்ச் 16 அன்று நடத்தை விதி அமலானது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26 என்று வாக்குப்பதிவு. முடிவு ஜூன் 4. இரண்டரை மாதத்துக்கு மேல் துப்பாக்கி ஸ்டேஷன் அறையில் கிடந்தால் குழலில் துரு ஏறும், கை பழக்கம் விட்டுப்போகும். தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களாகப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்குத் தேர்தல் ஆணையமே விலக்கு தந்திருக்கிறது. அந்த விலக்கை இந்தப் பக்கம் ஏற்று, அந்தப் பக்கம் மறுத்தால் நாங்கள் எங்கே போவது?

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆடவர் ட்ராப் குழுத் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான், ஹைதராபாத் கைனன் செனாய், பஞ்சாபின் ஜோராவர் சிங் சந்து மூவரும் சேர்ந்து வென்றது. மூன்று மாநிலத்துக்காரர்கள் ஒரே குழுவில் சேர வேண்டுமானால் எத்தனை மாநில எல்லைகளைத் துப்பாக்கியோடு தாண்டியிருப்பார்கள்! எங்கள் ஊர்ப் பிள்ளைகளிலும் தட்டை விடாமல் உடைப்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் சாவடியில் நிற்பதை நினைத்தே பெற்றவர்கள் அனுப்பத் தயங்குகிறார்கள்.

ஆகவே, தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே பக்கத்தில் ஓர் அறிவுறுத்தல் தயாரித்து எல்லாச் சாவடிகளிலும் ஒட்டச் செய்யுங்கள். எந்தக் காகிதம் போதும் என்பது அதில் இருக்கட்டும். பெட்டியை அறைக்குள் வைத்து, உரிமக்காரரையே திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கட்டும். பயணத்துக்கு முன் வண்டி எண், துப்பாக்கி எண், தோட்டாக் கணக்கு, போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் இரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் நாங்களே எழுதி அனுப்புகிறோம். அனுப்பியதற்கு ஒரு பதில் எண் கொடுங்கள், சாவடியில் அதைக் காட்டுகிறோம். காவலர்களுக்கு இதுபற்றி ஒரு வகுப்பு வைத்தால் காலித் துப்பாக்கியோடும் லைசென்ஸோடும் வந்து விளக்கிச் சொல்ல நானும் என் கூட்டாளிகளும் தயார். அடுத்த தென்மண்டலப் போட்டிக்கு முன்பாவது இரு மாவட்ட அதிகாரிகளும் ஒரு முறை உட்கார்ந்து பேசி இதை முடித்துத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு ஷாட்கன் போட்டியாளர்