‘கடை நல்லாப் போகுது’

கிளிநொச்சி,
ஆனி மாதம்.

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். வெள்ளைச்சி கண்டு போட்டிட்டுது, பசுக்கண்டு. கொப்பான்ர கால் வீக்கம் வத்தீட்டுது. பாலைப்பழம் றோட்டுக்கரையில விக்கத் தொடங்கீட்டினம்.

உன்ர ஃபோன் தைப்பொங்கலோட நிண்டது. வேலை கூட எண்டு எனக்குத் தெரியும். சின்னமாமான்ர பெடியன் போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு லண்டனில உன்ர சாப்பாட்டுக் கடைப் பக்கம் வந்திட்டுத் திரும்பிப் போனவனாம். அதைவிட வேற ஒண்டும் அவன் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

பின்னேரத்தில அக்கான்ர மகள் கோர்டன் ராம்சே எண்ட பெரிய சமையல்காரரின்ர நிகழ்ச்சியை ஃபோனில போட்டுத் தாறாள், நட்டத்தில ஓடுற சாப்பாட்டுக் கடைகளுக்கு அவர் போறது. 2004 இல இங்கிலாந்தில தொடங்கினது, 2007 இல அமெரிக்காவிலயும் எடுத்தவை. ரெண்டையும் பாத்தனான். இங்கிலாந்தில எடுத்ததுதான் பாக்கக்கூடியது. அதில மனிசன் ஒரு கிழமை நிண்டு, கடைக்காரரோட இருந்து கதைக்கிறார். அமெரிக்காவில எடுத்ததில கத்தலும் மியூசிக்கும்தான். பெத்த பிள்ளையளுக்கு முன்னால ஒரு தேப்பனைத் தூசணத்தில பேசினால் அந்தாள் எப்பிடி அடுத்தநாள் அடுப்படிக்குப் போகும்?

ஆனால் அவர் செய்யிற ரெண்டு வேலை சரி. வந்தவுடன இருந்து சாப்பிட்டுப் பாக்கிறார், பிறகு ஃபிரிஜ்ஜைத் திறக்கிறார். கடையின்ர வருத்தம் முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கும். நிகழ்ச்சியில குறைவாக் காட்டுறது கணக்குக் கொப்பி. சுவருக்குப் பெயின்ற் அடிச்சுக் கதிரை மாத்தினால் வாடகைப் பாக்கி குறையுமோ? கமரா போனபிறகு அதில கனகடை பூட்டுப்பட்டுப் போச்சுது. பூட்டினவை எல்லாரும் சமைக்கத் தெரியாத ஆக்கள் இல்லை, அப்பன். அதை யோசிச்சுப் பார்.

நீ அனுப்பின பட்டியலை எடுத்து வைச்சிருக்கிறன். 64 சாப்பாடு. ரெண்டுதரம் எண்ணினனான். கொத்துரொட்டி இருக்கு, அப்பம் இருக்கு, சரி. சீன நூடில்ஸ் ஏன்? பட்டர் சிக்கன் ஏன்? ஒவ்வொரு பேருக்கும் பின்னால ஃபிரிஜ்ஜில ஒரு பெட்டி, ஒரு அரையல், ஒரு குழம்பு. கிழமைக்கு ரெண்டுபேர் கேக்கிற சாப்பாட்டுக்காக ஏழுநாளும் சாமான் வைச்சிருக்கவேணும். அது பழுதாப் போகும், இல்லாட்டில் பழுதாப் போகமுதல் ஆருக்கோ குடுபடும். இஞ்ச அம்மாச்சி உணவகத்தில பெண்டுகள் கண்முன்னால சுட்டுத் தருகினம். குரக்கன் புட்டு, தோசை, உழுந்துவடை, இலைக்கஞ்சி, அவ்வளவுதான். முடிஞ்சால் முடிஞ்சுது. பன்னிரண்டாக் குறை. எந்தப் பன்னிரண்டு எண்டு கேட்டால் நான் சொல்லுவன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மீன்கறி முடிஞ்சுது எண்டு சொல்லுற கடையில நம்பி அடுத்தநாள் சாப்பிடலாம். மூண்டரைக்கும் எட்டுக் கறி நிறைஞ்சு கிடந்தால் அதில ரெண்டெண்டாலும் நேற்றையது. உன்னட்டை வாறவைக்கும் இது தெரியும், வாய்திறந்து சொல்லாயினம். வராமல் விடுவினம்.

கொத்தைப் பற்றி. போனமுறை அனுப்பின வீடியோவில ரொட்டி தட்டில ஒட்டுது. சுடச்சுட ரொட்டியை வெட்டிப்போட்டால் உள்ளுக்குள்ள இருக்கிற ஆவி வெளிய வந்து களியாக்கிப்போடும். ரொட்டியைக் காலமை சுட்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு மூடி வைக்காமல் பரப்பி ஆறவிட்டு, பின்னேரம் வெட்டு. மா ஒரு கிலோவுக்குத் தண்ணி 600 மில்லிக்குள்ள நிக்கவேணும், உப்பு மூண்டு தேக்கரண்டி. நல்லாப் பிசைஞ்சு, 100 கிராம் உருண்டை பிடிச்சு, எண்ணெய் பூசி ரெண்டு மணித்தியாலம் விடு. விடாட்டில் வீசேக்கை கிழியும். கிலோவுக்கு 16 உருண்டை வரும், பிளேட்டுக்கு ரெண்டு ரொட்டி எண்டால் எட்டுக் கொத்து. 14 தான் வருகுது எண்டால் ஆரோ கைக்கணக்கில பிடிக்கினம். தராசை மேசையில வை.

தட்டு புகைக்கமுதல் வெங்காயம் போடாதை. சூடு காணாட்டில் லீக்ஸும் கோவாவும் தண்ணி விட்டு அவியும், வதங்காது. மரக்கறியை ஒருபக்கம் ஒதுக்கி, முட்டையைத் தனிய உடைச்சு ஊத்தி, முக்கால்வாசி இறுகினபிறகு ரொட்டியைப் போட்டுக் கொத்து. குழம்பு கடைசியில, ஒரு அகப்பை. கூட வேணும் எண்டு கேக்கிறவைக்குக் கிண்ணத்தில குடு. தகட்டுச் சத்தத்துக்காக நெடுகக் கொத்தக் கூடாது. ரொட்டித்துண்டு விரல்நகமளவு தெரியவேணும்.

மிஞ்சின சோறு கவனம். உங்கட ஊரில பரிசோதகர்கள் வந்து 0 இலயிருந்து 5 வரைக்கும் புள்ளி போடுவினம் எண்டு நீதான் சொன்னனி. சோத்துக் கிருமியின்ர வித்து அவிச்சாலும் சாகாது. வெளியில கிடந்தால் பெருகி நஞ்சாகும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய சட்டியோட ஃபிரிஜ்ஜில தள்ளினால் நடுச்சோறு விடியுமட்டும் சூடாத்தான் இருக்கும். அகலத் தட்டில ரெண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஆறவைச்சு உள்ள வை. அடுத்தநாளைக்கு மேல வைக்காதை. ஃபிரிஜ் 5 பாகைக்கு மேல ஏறுதோ எண்டு காலமையும் இரவும் பாத்து எழுது.

எழுது எண்டுதான் எல்லாத்துக்கும் சொல்லுறன். வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுக்கிற கொம்பனியள் நூறுக்கு 30 மட்டில எடுக்கும் எண்டு அறிஞ்சன். எட்டுப் பவுண் கொத்தில ரெண்டு பவுண் நாப்பது அங்க போகும். மிஞ்சிறது அஞ்சு அறுபது. சாமானுக்கு அந்த எட்டுப் பவுணில மூண்டில ஒரு பங்கு எண்டால் கிட்டத்தட்ட ரெண்டு எழுபது. கையில ரெண்டு தொண்ணூறு. அதுக்குள்ள பெட்டி, காஸ், பெடியளின்ர சம்பளம், வாடகை. கடை நிறைய ஓடர் வந்தும் காசு ஏன் இல்லை எண்டு இரவில முழிச்சிருக்கிறியோ எண்டு நினைக்கிறன். பட்டியலைக் குறை, அப்பன்.

லண்டனில ஒடியல் கூழ் காய்ச்சி விக்கிற பிள்ளை எண்டு பரந்தன் சந்தையிலயும் சொல்லியிருக்கிறன். அந்தப் பெருமை எனக்கு இருக்கு. ஆனால் பெத்த தாய்க்கு அஞ்சு மாதமா ஒரு சொல்லு இல்லை.

ஒண்டு சொல்லவேணும். றோட்டுக்கரைக் கடை நடத்தின ஏழு வருசமும் நீ கேட்டபோதெல்லாம் ‘கடை நல்லாப் போகுது’ எண்டுதான் சொன்னனான். போகேல்லை. மூண்டாம் வருசத்திலயிருந்து நட்டம். அரிசிக்குக் கடன், விறகுக்குக் கடன். அக்கான்ர சங்கிலி திருத்தக் குடுத்திருக்கு எண்டது பொய், அது அடைவில கிடந்தது. கொப்பி வாங்கி வைச்சும் நான் ஒருநாளும் எழுதேல்லை. எழுதினால் தெரிஞ்சிடும் எண்டு பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்து மேசை துடைச்சுக்கொண்டு நீ அந்தச் சொல்லை நம்பினனி. தைப்பொங்கலுக்கு ஃபோனில நீ அதே சொல்லைச் சொன்னனி, அதே குரலில. என்னட்டைத்தானே பழகினனி.

முன்வீட்டுப் பிள்ளை அடுத்த கிழமை லண்டன் வருது. ஒடியல் மா ரெண்டு கிலோ, முறிகண்டிக் கச்சான் ரெண்டு பை, முல்லைத்தீவுக் கருவாடு குடுத்துவிடுறன். மாவைத் தண்ணியில ஊறவிட்டு, தெளிஞ்சதை மூண்டுதரம் வடிச்சு ஊத்து, இல்லாட்டில் கயர்க்கும். மீன்தலை, நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிஞ்சபிறகுதான் கரைச்ச மா. கொதிக்கிறதுக்குள்ள தூளாப் போட்டியெண்டால் கட்டிபடும்.

உங்கட இரவு பதினொண்டு எங்கட விடிய மூண்டரை. நான் அந்த நேரம் எழும்பித்தான் இருப்பன். கடை பூட்டியிருந்தாலும் எடு.

அம்மா.

சங்கிலி விசயம் கொப்பாவுக்குத் தெரியாது.