வேனுக்குக் கரண்டுக் கணக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உள்ளேயே தங்கிப் பயணம் போக நீ மாற்றிக் கட்டும் வேனின் படங்களும், அதில் வைக்கப் போகும் சாமான் பட்டியலும் கிடைத்தன. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்.

முதலில் படம். கேபிள் முனையில் மாட்டும் லக்குகளை நன்றாக அழுத்தியிருக்கிறாய், ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டில்லை. பட்டறைக்காரர்களே இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஒரு பியூஸைக்கூட நான் பார்க்கவில்லை. எங்கே வைக்கப் போகிறாய்? லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். வயர் சிவந்து, உறை பற்றி, பக்கத்தில் இருக்கும் பலகையும் பிடித்துக்கொள்ளும். உள்ளே பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் பலகை இருக்கிறதே என்று நீ சொல்வாய். அதுவும் எலெக்ட்ரானிக் சுவிட்சுதான். கெட்டால் மூடியபடியே கெட்டுப்போகவும் செய்யும். பெரிய ஷார்ட்டையும் சட்டென்று துண்டிக்கும் 125 ஆம்பியர் கிளாஸ்-டி (Class T) பியூஸ் ஒன்று வாங்கி, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வை. கட்டிலுக்கு அடியில்தான் பேட்டரி என்றால், நீ அதற்கு மேல்தான் தூங்கப் போகிறாய் என்பதை மறந்துவிடாதே.

இனி பட்டியல். 45 லிட்டர் ஐஸ்பெட்டி, ஒரு காற்றாடி, ஒரு லேப்டாப், ஒரு போன், 0.6 லிட்டர் ரைஸ் குக்கர், விளக்கு, தண்ணீர் பம்ப். 400 வாட் சோலார் தகடும் 100 ஆம்பியர்-மணி பேட்டரியும் போதும் என்று கீழே எழுதியிருக்கிறாய். நானும் கூட்டிப் பார்த்தேன். நம் ஊர் சூட்டில் ஐஸ்பெட்டி பாதி நேரம் ஓடும், நாளைக்கு 600 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கியது) வை. காற்றாடி 25 வாட், 9 மணி நேரம், 225. லேப்டாப் 60 வாட், 3 மணி நேரம், 180. குக்கர் 300 வாட், 25 நிமிடம், 125. விளக்கு 40, போன் 20, தண்ணீர் பம்ப் 10. ஆக 1,200.

வரவைப் பார். காலையிலிருந்து மாலை வரை அடிக்கிற வெயிலையெல்லாம் சேர்த்தால் நம் நாட்டில் 4 மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைப்பதுதான் பத்திரம். தகடு கூரையில் 60 டிகிரி தாண்டிச் சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போலக் குறையும். தூசி, வயர், தகட்டிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கண்ட்ரோலர் ஆகியவை தின்பதும் சேர்ந்தால் நூற்றுக்கு 75தான் கைக்கு வரும். 400 வாட், 4 மணி நேரம், அதில் முக்கால் பங்கு: அதே 1,200. ஒரு ஆளுக்கு உன் கணக்கு அச்சுப் பிசகாமல் வருகிறது. ஏன் அப்படிப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை.

நான் இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன். இரண்டாவது காற்றாடி 225. குக்கர் ஒரு லிட்டராக வாங்கு, அதற்குக் கூடுதலாக 125. இன்னொரு போன் 20, இன்னொரு விளக்கு 20. மருமகள் சட்னி அரைக்காமல் பசியாற மாட்டாள், உனக்குத் தெரியாததா? 500 வாட் மிக்சி 6 நிமிடம், 50. மொத்தம் 1,640. ஆக 200 வாட் தகடு மூன்று, 600 வாட்; அதே கணக்கில் 1,800 வரும். பேட்டரி 200 ஆம்பியர்-மணி. 12.8 வோல்ட்டில் அது 2,560 வாட்-மணி. எண்பது சதவீதம் எடுத்தாலும் இரண்டாயிரத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் மூடிக்கொண்டால் தகட்டில் நாலில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அப்படி ஒரு நாளை இந்தப் பேட்டரி சமாளிக்கும், 100 ஆம்பியர்-மணி சமாளிக்காது.

நீ காட்டிய மலிவு ஐஸ்பெட்டி வேண்டாம். அதில் கம்ப்ரசர் கிடையாது, கரண்டு பாயும் சில்லே குளிர வைக்கும் பெல்டியர் வகை. நிறுத்தமே இல்லாமல் 50 வாட் இழுக்கும், ஒரு நாளைக்கு 1,200 அதற்கே போய்விடும். அப்படியும் மீன் கெட்டுத்தான் போகும். பணம் போனாலும் 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டியாகவே வாங்கு.

இன்வெர்ட்டர் 1,000 வாட், வீட்டுக் கரண்டு போலச் சீரான அலை தரும் பியூர் சைன் வகை. மாடிஃபைடு சைன் வேண்டாம், மிக்சி மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும். 1,000 வாட் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் வரும். கேபிள் 35 சதுர மில்லிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டருக்குள். கெட்டிலை இதில் போடாதே, அது 1,500 வாட். தண்ணீரைக் கேஸ் அடுப்பில் வை, சன்னலைத் திறந்து வை. இன்னொன்று, இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் 15 வாட் தின்னும். இரவும் பகலும் விட்டு வைத்தால் 360 வாட்-மணி, ஒரு காற்றாடி இழுப்பதைவிட அதிகம். சமைத்து முடித்ததும் அணைத்துவிடு. ஐஸ்பெட்டி, காற்றாடி, விளக்கு, போன் எல்லாம் நேராக 12 வோல்ட்டிலேயே ஓடட்டும்.

அத்தை மகள் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. உறையில் உங்கள் இரண்டு பேர் பெயரும் எழுதியிருக்கிறார்கள். அதை அப்புறம் பேசலாம்.

தகடுகளை இணையாக இணை. தொடராகப் போட்டால் மெல்லிய வயர் போதும்தான். ஆனால் நீ எப்படியும் நிழல் பார்த்துத்தான் வேனை நிறுத்துவாய். தொடரில் ஒரு தகட்டில் கிளை நிழல் விழுந்தாலே மொத்த வரவும் அடிபடும். பால்மரத்தடியில் நிறுத்தினால் இணையாகப் போட்டும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வேனுக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும்; இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. இணையாகப் போடும்போது ஒவ்வொரு தகட்டுக்கும் 15 ஆம்பியர் பியூஸ் தனித்தனியாக வை. இல்லாவிட்டால் ஒன்று கெடும்போது மற்ற இரண்டும் அதற்குள் கரண்டைத் தள்ளும். கண்ட்ரோலர், தகட்டிலிருந்து முடிந்த மட்டும் எடுக்கும் எம்பிபிடி வகை, 50 ஆம்பியர். கூரையிலிருந்து கீழே 10 சதுர மில்லிமீட்டர் கேபிள். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றோட்டம் விடு. ஆணி அடிக்கும் முன் கூரையின் அகலத்தை அளந்து பார்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரை வேனில் போடாதே. அது கெட்டிக் கம்பி, குலுக்கலில் முனையிலேயே முறியும். பல இழை வயராக வாங்கு. ஐஸ்பெட்டிக்கு 4 சதுர மில்லிமீட்டர். 1.5 போட்டால் 5 மீட்டர் தூரத்தில் 5 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். விடியற்காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்போது கம்ப்ரசர் கிளம்பாது, நீ பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பாய். ஐஸ்பெட்டி வயருக்கு 15 ஆம்பியர் பியூஸ்.

முதல் தடவை இணைக்கும்போது கண்ட்ரோலருக்குப் பேட்டரி முதலில், தகடு அப்புறம். கழற்றும்போது தகடு முதலில். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் எத்தனை வோல்ட் பேட்டரி என்று தெரியாமல் குழம்பும், சிலது செத்தே போகும். அதற்கு முன்னால் அந்தப் பெரிய பியூஸ். பியூஸ் இல்லாமல் பேட்டரியில் ஸ்பேனரை வைக்காதே. பியூஸ் வைத்தபின் படம் எடுத்து அனுப்பு.

எஞ்சின் ஓடும்போது அளவோடு சார்ஜ் ஏற 30 ஆம்பியர் டீசி-டீசி சார்ஜர் ஒன்று போடு. எஞ்சினில் கரண்டு உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை லித்தியத்தோடு நேராக இணைத்தால் அது தன்னால் முடிந்த மட்டும் தள்ளித் தள்ளிச் சூடாகிக் கருகும். ஜோகூர் பாருவிலிருந்து இங்கே ஆறு மணி நேரம். மணிக்கு 400 வாட்-மணி வீதம் 2,400 ஏறும், வீட்டு வாசலில் நிற்கும்போது பேட்டரி நிறைந்திருக்கும். வாசலில் 13 ஆம்பியர் பிளக் ஒன்று போட்டு, கரண்டு கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லியம்பியர் ஆர்சிசிபியும் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் நிறுத்தினாலும் சரி. உள்ளே அறையும் காலியாகத்தான் இருக்கிறது, அம்மா மெத்தையை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறாள்.

வேனை மாற்றிக் கட்டச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதி வாங்கினாயா என்று எழுது. பேட்டரியிலிருந்து ஐஸ்பெட்டி வரை எத்தனை மீட்டர் என்றும் எழுது, ஈப்போவில் வயர் வாங்கி அனுப்புகிறேன். இரண்டாவது காற்றாடியைக் கட்டிலுக்கு எந்தப் பக்கம் மாட்டுவது என்று நீயாக முடிவு செய்யாதே. மருமகளைக் கேட்டு, அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

இப்படிக்கு,
அப்பா